ஏற்றத்தில் தயங்கும் வண்டி



இம்முறை நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். திண்டுக்கல் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி எழுதியது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மடலின் சாரம் இதுதான்:

"இரண்டு மாதங்களுக்கு முன் என் கணவர், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவரிடம் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். என் நகைகளை அடகு வைத்துத்தான் பணம் கொடுத்தோம். சிறுமலைக்கு உர மூட்டையும் மளிகைச் சரக்கும் ஏற்றிச் சென்று, திரும்பும்போது வாழைத்தார் ஏற்றி வருவது தொழில். ஊருக்குள் வண்டி நன்றாகவே ஓடுகிறது. மலையில் நாலைந்து வளைவு தாண்டியதும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் தயங்கித் தயங்கி இழுக்கிறது. சில வேளை நின்றே விடுகிறது. புகை ஒன்றும் அதிகமில்லை. பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது. இரண்டு மூன்று வளைவு சென்றால் மறுபடியும் பழைய கதைதான். பட்டறையில் காட்டினோம். பம்ப்பும் நாசில்களும் போய்விட்டன, நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். விற்றவர் தெரிந்தே ஏமாற்றிவிட்டார் என்று என் கணவர் உறுதியாக நம்புகிறார். ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில் அவர் இருக்கும் பக்கம் திரும்புவதே இல்லை. மீதமிருப்பது இரண்டு வளையல்கள். அவற்றையும் அடகு வைக்கலாமா?"

சகோதரி, வளையல்களை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். உங்கள் மடலில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. ஒன்று பம்ப்பின்மீது, மற்றொன்று விற்றவர்மீது. இரண்டிலும் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. முதலில் வண்டியை விசாரிப்போம்.

நோய் தெரியாமல் மருந்தில்லை

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மிகுதியாக அழுத்தப்பட்டு, அதனாலேயே கொதிக்கும் சூட்டை அடைகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனித்தூறல்போல் பீச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய தத்துவம் இன்றும் மாறவில்லை. ஆகவே இவ்வெஞ்சின் வலிமை குன்றினால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும்: காற்று போதவில்லை, டீசல் போதவில்லை, அல்லது எஞ்சினின் அழுத்தமே தளர்ந்துவிட்டது.

இவற்றைப் பிரித்தறியப் புகை உதவும். கரும்புகை மிகுந்தால் டீசலுக்கேற்ற காற்று இல்லை என்று பொருள். காற்று வடிகட்டியையும், டர்போ உள்ள வண்டியானால் அதன் ரப்பர்க் குழாய்களையும் பார்க்கவேண்டும். நீலப்புகையானால் எஞ்சின் ஆயில் எரிகிறது. புகை மிகாமல் வலிமை மட்டும் குறைந்தால் டீசல் போய்ச் சேரவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும். உங்கள் வண்டி இந்த மூன்றாம் வகை.

ஊருக்குள் ஓடுவது மலையில் ஏன் தயங்குகிறது? சும்மா நிற்கும்போதும் சமவெளியில் மெல்லச் செல்லும்போதும் எஞ்சின் குடிப்பது கொஞ்சம்தான். சுமையோடு ஏறும்போது அது பன்மடங்கு குடிக்கிறது. பாதி அடைபட்ட தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்துவிடலாம். ஒரு வயலுக்குப் பாய்ச்ச முடியாது. அடைப்பு தன்னைக் காட்டிக்கொள்வது ஏற்றத்தில்தான்.

உங்கள் மடலிலேயே ஒரு பெரிய தடயம் இருக்கிறது: பத்து நிமிட ஓய்வு. தேய்ந்துபோன இரும்பு பத்து நிமிடத்தில் வளர்ந்துவிடாது. தேய்ந்த பம்ப் சூடேறித் தளர்வதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் சூடாக இருக்கும்போது கிளப்புவதற்கே தொல்லை தரும். இங்கோ ஓய்வுக்குப்பின் எளிதில் கிளம்பி, நன்றாக ஓடி, மீண்டும் தயங்குகிறது. இவ்வாறு நடந்துகொள்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டீசல் தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருப்பது. மற்றொன்று, தொட்டிக்குள் கசடு கிடந்து, டீசலை உறிஞ்சும் குழாயின் முனையிலுள்ள சல்லடையில் அப்பிக்கொள்வது. எஞ்சின் உறிஞ்சும்வரை கசடு சல்லடையில் ஒட்டியிருக்கும். நிறுத்தினால் உதிர்ந்து அடியில் படியும். ஓடினால் மறுபடியும் வந்து ஒட்டும்.

செலவில்லாத சோதனைகள் முதலில்

ஆகவே இந்த வரிசையில் பாருங்கள். மலிவானது முன்னால், விலையுயர்ந்தது பின்னால்.

முதலாவது, மூடி. அடுத்தமுறை வண்டி தயங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தொட்டி மூடியை மெல்லத் திறக்கச் சொல்லுங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளிழுக்கும் ஓசை பலமாகக் கேட்டால் துளை அடைபட்டிருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று நுழையவேண்டும். நுழையாவிடில் தொட்டியே டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஆக்சிலேட்டர். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் மிதியை முழுதும் அழுத்த, மற்றொருவர் பம்ப்பிலுள்ள நெம்பு முழுதும் திரும்புகிறதா என்று பார்க்கட்டும். தளர்ந்த கேபிளும், மிதிக்கு அடியில் மடிந்து கிடக்கும் கால்மிதியும் பல எஞ்சின்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கின்றன. கூடவே, சற்று ஓட்டிய பின் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு சென்று பாருங்கள். ஒன்று மட்டும் அனலாய்க் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின்மீது பழியில்லை.

மூன்றாவது, டீசல் வடிகட்டி. பழைய வண்டி வாங்கியவர், முன்னவர் எப்போது மாற்றினார் என்பது உறுதியாகத் தெரியாவிடில், டீசல், காற்று வடிகட்டிகள் இரண்டையும் மாற்றிவிடுவதே முறை. மாற்றுமுன் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். நீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். நீருக்கும் டீசலுக்கும் நடுவே பழுப்பான பாசிபோன்ற படலம் தென்பட்டால், தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டன என்று அறியலாம். பாதி நிரம்பிய தொட்டியோடு வண்டி மாதக்கணக்கில் நின்றால், ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து நீராகிச் சேர, அந்நீரில் அவை பெருகும்.

நான்காவது, காற்றுக் கசிவு. தொட்டிக்கும் பம்ப்புக்கும் இடையிலான பாதையில் டீசல் உறிஞ்சப்படுகிறது. ஆகவே அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலும் இருக்கும். காற்று உள்ளே போகும். வெடித்த ரப்பர்க் குழாய்களையும், தேய்ந்த செம்பு வாஷர்களையும் பார்க்க வேண்டும். பம்ப்புக்கு முன்னால் சிறிது நீளம் கண்ணாடிபோன்ற குழாயைப் பொருத்தினால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஐந்தாவது சோதனைதான் வழக்கை முடித்து வைப்பது. பழைய வகைப் பம்ப் உள்ள வண்டியில், தேர்ந்த மெக்கானிக் ஒருவர் தொட்டியை விலக்கி, சுத்தமான டீசல் நிறைந்த கேன் ஒன்றிலிருந்து நேரே குழாய் கொடுப்பார். கேன் வெளியே உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சூடான பாகங்களின் அருகே வைக்கலாகாது. அதே சுமையோடு அதே மலையை ஏறட்டும். தயங்காமல் ஏறினால் குற்றவாளி தொட்டியும் அதன் குழாயுமே. அப்போதும் தயங்கினால் மட்டுமே பம்ப்பையும் நாசில்களையும் கழற்றிச் சோதனை மேடையில் வைத்துப் பார்க்கவேண்டும். மேடையில் பாராமலே புதிது வாங்கச் சொல்பவரிடம், என்ன சோதித்தீர்கள் என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சின் ஓடும்போது நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களின் பக்கம் கையைக் கொண்டுசெல்ல வேண்டாம். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். புள்ளியளவு காயமாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய ஆபத்து அது. மற்றொன்று, சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவின் நடுவே எஞ்சின் நின்றால் பிரேக் மிதி கல்லாய் இறுகக்கூடும். பழுது தீரும்வரை மலைக்குச் சரக்கேற்ற வேண்டாம். பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றுவது பழுது தீர்ந்த பின்னும் கூடாது. அது சரக்கு வண்டி.

மறுமடல்

இம்மறுமொழியை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே அச்சகோதரிக்கு அஞ்சலில் அனுப்பியிருந்தேன். மூன்று வாரங்கள் கழித்து மறுமடல் வந்தது.

மூடியில் ஓசையில்லை. வடிகட்டியில் நீரும் பழுப்புக் கசடும் இருந்தன. புதிது போட்டதும் இரண்டு நாள் நன்றாக ஓடி, மூன்றாம் நாள் மீண்டும் தயங்கியதாம். கணவர் சோர்ந்துபோய் வளையல்களைக் கேட்டிருக்கிறார். சகோதரி கொடுக்கவில்லை, கேன் சோதனை பாக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். வேறொரு மெக்கானிக்கை வைத்து அதையும் செய்தார்கள். வண்டி 18 வளைவுகளையும் நிற்காமல் ஏறியது. தொட்டியைக் கழற்றியபோது உள்ளிருந்த சல்லடை துருவும் பாசியும் அப்பி, அடைபோல் மூடிக் கிடந்தது. தொட்டியைக் கழுவி, சல்லடையையும் குழாயையும் மாற்றி, வடிகட்டியையும் மறுபடி புதிதாகப் போட்டு, ஆன செலவு ஐயாயிரத்துக்கும் குறைவு. பம்ப் நலமாக இருக்கிறது.

கணவர் அந்தச் சல்லடையைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, அன்று மாலையே விற்றவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். சண்டை பிடிக்கத்தான் போனார் என்று சகோதரி ஒளிவின்றி எழுதுகிறார். விற்றவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தம் மனைவி நோயுற்றிருந்த எட்டு மாதமும் வண்டி கொட்டகையிலேயே நின்றதென்றும், அதன்பின் சந்தைக்கும் வீட்டுக்குமாகச் சமவெளியில் மட்டுமே ஓட்டினாரென்றும், மலையேற்றியதே இல்லை என்றும் சொன்னாராம். வண்டி நின்று கிடந்ததைச் சொல்லவேண்டும் என்று தமக்குத் தோன்றவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பாதிச் செலவைக் கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது நன்றே. கொடுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார்.

விற்றவர்மீது குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விற்கும் பொருளின் வரலாற்றை, கேளாமலேயே சொல்வது கிறிஸ்தவ நேர்மை. வாங்கியவரும், தாம் செய்யப்போகும் தொழிலுக்கேற்பச் சுமையேற்றி மலையில் ஓட்டிப் பார்த்த பின்பே பணம் கொடுத்திருக்கவேண்டும். ஆனால் கவனக்குறைவு ஒன்று, வஞ்சகம் வேறொன்று. போதிய ஆதாரமின்றி அயலாரின் குற்றத்தை உண்மையென மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதே முன்யோசனையற்ற தீர்ப்பு எனும் பாவம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அயலாரின் சொல்லையும் செயலையும் இயன்றவரை நல்ல பொருளிலேயே கொள்ளவேண்டும், ஐயம் இருந்தால் அவரிடமே கேட்டறியவேண்டும் என்பது லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே வைத்த விதி. பீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனிடம் போய் ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவர், அவன் குற்றவாளி என்று நாம் முடிவுகட்டிய பிறகு போகச் சொல்லவில்லை.

இரண்டு மாதங்கள் அவ்விருவரும் ஒரே கோவிலில், ஒருவரையொருவர் பாராமல் நற்கருணை வாங்கியிருக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் எட்டு மாதக் கதை அன்றே வெளிவந்திருக்கும். தொட்டியையும் அன்றே திறந்து பார்த்திருப்பார்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை. அந்தச் சோதனையைத்தான் அவர் கடைசியில் செய்தார்.

வளையல்கள் சகோதரியின் கையிலேயே இருக்கின்றன. அடகிலுள்ள நகைகளும் விரைவில் வீடு திரும்பவும், அவ்வண்டி ஏறும் ஒவ்வொரு வளைவிலும் இறைவன் துணையிருக்கவும் மன்றாடுகிறேன்.