டி.வி திணறுகிறதா? கடைக்குத் தூக்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

''எங்கள் வீட்டு 32 இன்ச் ஸ்மார்ட் டி.வி-யை வாங்கி ஐந்து வருடங்கள் ஆகின்றன. இப்போது ஆன் செய்தால், முகப்புப் பக்கம் வருவதற்கே நான்கைந்து நிமிடங்கள் ஆகின்றன. ரிமோட்டை அழுத்தினால் ஆற அமரத்தான் நகர்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகள், பாட வீடியோக்களை இதில்தான் பார்க்கிறாள். 'போர்டு போய்விட்டது. மாற்ற 6,000 ரூபாய் ஆகும். அதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாம்' என்கிறார் கடைக்காரர். சம்பா நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. ஆனால், அது போர் மோட்டாருக்கு காயில் கட்ட எடுத்து வைத்த பணம். என்ன செய்யலாம்?''

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

முதலில் மோட்டாருக்கு காயில் கட்டிவிடலாம். கடிதத்தில் உள்ள அறிகுறிகளைப் பார்த்தால், போர்டு போன டி.வி-யாகத் தெரியவில்லை. போர்டு பழுதானால் பெரும்பாலும் டி.வி ஆன் ஆகாது. இல்லையென்றால், தானாகவே அணைந்து அணைந்து எரியும். படமும் ஒலியும் சரியாக இருந்து, வேகம் மட்டும் குறைந்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மெமரியைத்தான். செட்டாப் பாக்ஸ் இருந்தால், அதில் ஒரு சேனலை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சேனல் தடங்கல் இல்லாமல் ஓடி, யூடியூப் மட்டும் திணறினால் போர்டை மாற்ற வேண்டிய அவசியம் இருக்காது.

பயிர் மஞ்சளாக இருக்கிறது என்றதும் யூரியா மூட்டையைப் பிரித்துவிடக் கூடாது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை. குருத்து இலை முதலில் வெளுத்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இரண்டுக்கும் மருந்து வேறு. டி.வி திணறுவதிலும் இப்படி இரண்டு வகை உண்டு. டி.வி-யே மெதுவாக இருப்பது ஒன்று. இன்டர்நெட் மெதுவாக இருப்பது இன்னொன்று. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. செட்டிங்ஸில் வைஃபையை அணைத்துவிட்டு, மெனுவை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அப்போதும் நகர மறுத்தால் கோளாறு டி.வி-யில். மெனு சட்டென்று நகர்ந்து, வீடியோ மட்டும் நின்று நின்று சுற்றினால் கோளாறு நெட்டில். அதற்கும் முன்பாக ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரி இறங்கிய ரிமோட்டுக்காக டி.வி-யைத் திட்டுகிற வீடுகளும் இருக்கின்றன.

இந்தச் சகோதரியின் கடிதப்படி கோளாறு டி.வி பக்கம்தான். குறைந்த விலை ஸ்மார்ட் டி.வி-கள் பலவற்றில் ரேம் 1 ஜி.பி, ஸ்டோரேஜ் 8 ஜி.பி மட்டுமே இருக்கும். ஸ்டோரேஜ் என்பது பத்தாயம். ரேம் என்பது களம். அந்த 8 ஜி.பி-யில் பெரும்பகுதியை டி.வி-யின் சொந்த மென்பொருளே அடைத்துக்கொள்ளும். மீதி இடத்தில்தான் மற்ற ஆப்கள் எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வோர் அப்டேட்டிலும் ஆப்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. பத்தாயம் மட்டும் வாங்கிய நாளில் இருந்த அதே அளவுதான். அது நிரம்பி, களத்திலும் மூட்டைகள் கிடந்தால் நெல்லை எங்கே தூற்றுவது? ஐந்து வருடத்தில் டி.வி மந்தமாவதற்கு இதுதான் காரணம்.

வேலையை இப்படித் தொடங்கலாம். டி.வி-யை ரிமோட்டில் அணைத்தால் அது முழுவதும் அணைவதில்லை, அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நிமிடங்கள் கழித்துச் செருகுங்கள். களத்தில் கிடந்ததெல்லாம் ஒதுங்கிவிடும். இதை மட்டும் செய்து நிறுத்திவிட்டால், சில நாள்களில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

அடுத்தது பத்தாயத்தைக் காலி செய்வது. ஆண்ட்ராய்டு டி.வி-யாக இருந்தால், செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போனால், ஏற்றி வைத்துள்ள எல்லாம் வரிசையாகத் தெரியும். மற்ற வகை டி.வி-களில் பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான். விடுமுறைக்கு வந்த அக்கா பிள்ளைகள் ஏற்றிவிட்டுப் போன கேம், ஒரே ஒரு படத்துக்காகப் போட்ட ஆப்... எல்லாவற்றையும் 'அன்இன்ஸ்டால்' கொடுத்து நீக்கிவிடலாம். கம்பெனியே ஏற்றி அனுப்பியவற்றைப் பெரும்பாலும் நீக்க முடியாது. அவற்றில் வேண்டாததை 'டிஸேபிள்' செய்யலாம். வைத்துக்கொள்ளும் ஆப்களுக்கு 'க்ளியர் கேச்' கொடுங்கள். அதன் பக்கத்திலேயே 'க்ளியர் டேட்டா' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கணக்கு விவரம் அழிந்து, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். ஸ்டோரேஜில் 1 ஜி.பி-யாவது காலியாகும் வரை இதைச் செய்யலாம். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும்போது இதற்கு மெக்கானிக் எதற்கு? அரை மணி நேரத்தில் முடித்துவிடும்.

இலவசமாகப் புதுப்படம் காட்டுகிறது என்று யாரோ பென் டிரைவில் கொடுத்து ஏற்றிய ஆப் இருந்தால், முதலில் அதை எடுங்கள். திரைக்குப் பின்னால் விளம்பரத்தையும் வேறு என்னென்னவோ வேலைகளையும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆப்கள் அவற்றில் உண்டு. பேங்க் கணக்கோடு இணைந்த அதே ஈமெயிலை டி.வி-யிலும் போட்டு வைத்திருக்கும் வீட்டில் அது வேகப் பிரச்னையோடு நிற்காது.

மென்பொருள் அப்டேட் காத்திருந்தால் இடம் காலியான பிறகு போடலாம். அப்டேட் ஓடும்போது மின்சாரம் போகக் கூடாது. பாதியில் நின்றால் டி.வி திறக்காமலே போய்விடும் ஆபத்து உண்டு. அப்போது நிஜமாகவே போர்டு செலவு வந்துவிடும். மின்தடை அறிவித்த நாளிலும், இடி மழை நேரத்திலும் இந்த வேலை வேண்டாம்.

நெட்தான் கோளாறு என்று தெரிந்த வீடுகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிராமங்களில் பலரும் செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் டி.வி பார்க்கிறார்கள். காலையில் நன்றாக ஓடி, இரவு எட்டு மணிக்கு மேல் நின்று போனால், அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பல பிரீபெய்டு திட்டங்களில் தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ் ஆகக் குறைந்துவிடும். யூடியூப்பில் 720பி தரத்தில் பார்க்கவே சுமார் 2.5 எம்.பி.பி.எஸ் வேண்டும். கரும்பலகைப் பாடம் பார்க்க 480பி தரமே போதும், அதற்கு 1.1 எம்.பி.பி.எஸ் போதுமானது. தரத்தைக் குறைத்து வைத்தால் டேட்டாவும் சீக்கிரம் தீராது. வைஃபை ரவுட்டர் இருக்கும் வீட்டில், அதை டி.வி இருக்கும் அறைக்கு அருகில் வைப்பது நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால், இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும். தூரம் அதிகமென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸே பரவாயில்லை.

இத்தனையும் செய்து பலனில்லை என்றால் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுக்கலாம். டி.வி வாங்கிய நாளின் நிலைக்குப் போய்விடும். அதற்கு முன், டி.வி-யில் போட்டிருக்கும் ஈமெயிலும் பாஸ்வேர்டும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். கடையில் போட்டுக் கொடுத்த ஈமெயிலாக இருந்தால், மகள் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கிவிட்டு ரீசெட் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் மந்தமாகவே இருந்தால், ஹெச்.டி.எம்.ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. டி.வி-யின் மெமரியைத் தொடாமல், தன் சொந்த மெமரியில் ஓடும். பழைய டி.வி-யின் திரை நன்றாக இருக்கும் வரை இது போதும். அதையும் மோட்டார் ஓடி, குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.