சிறுநீர் கறுக்கும்வரை காத்திருக்கலாமா?

டாஃபெனோகுயினுக்கு உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் முன்தகுதி வழங்கியது. ஜி6பிடி அளவைக் காட்டும் கருவி ஒன்றுக்கும் அதே மாதம் முன்தகுதி கிடைத்தது. மாத்திரைக்கான பரிந்துரை இப்போதைக்குத் தென் அமெரிக்காவுக்கு மட்டுமே. ஆனாலும் வைவாக்ஸ் பார்க்கும் நம் மருத்துவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: பதினான்கு நாள் ப்ரைமாகுயினுக்கு விடை கொடுக்கலாமா?

கேள்வி நியாயமானது. குளோரோகுயின் ஒட்டுண்ணியின் உணவுக் குமிழியில் சேர்ந்து, ஹீம் ஹீமோசோயினாகப் படிகமாவதைத் தடுக்கிறது. தின்ற ஹீமோகுளோபினே ஒட்டுண்ணிக்கு நஞ்சாகிறது. சிவப்பணுவில் போர் முடிந்து காய்ச்சல் இறங்கிவிடும். கல்லீரலில் உறங்கும் ஹிப்னோசோயிட்டோ அப்படியே இருக்கும். உடம்பு தேறியவர் நான்காம் நாளே ப்ரைமாகுயினை மறக்கிறார். பிறகு அதே காய்ச்சலோடு வருகிறார். டாஃபெனோகுயின் 300 மில்லிகிராம் ஒற்றை வேளை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். குளோரோகுயினோடுதான் கொடுக்க வேண்டும் என்பதும் நமக்குத் தடையில்லை.

தடை சிவப்பணுவில் இருக்கிறது. ப்ரைமாகுயினின் அரை ஆயுள் சில மணி நேரம். அணுச்சிதைவு தொடங்கினால் நிறுத்திவிடலாம். டாஃபெனோகுயினுக்கு அது இரண்டு வாரம், விழுங்கினால் விழுங்கியதுதான். அதனால்தான் ஜி6பிடி செயல்திறன் 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனை. ஒளிர்புள்ளிச் சோதனை ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவர்களைத்தான் பிடிக்கும். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் குறையுள்ள பெண்களில் பலர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நிற்கிறார்கள். அவர்களுக்கு நாம் 'இயல்பு' என்று எழுதிக் கொடுக்கிறோம்.

இந்தப் பெண்களுக்காக இப்பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. ஜி6பிடி குறையுள்ளவருக்கு ப்ரைமாகுயின் கூடாது என்கிறது தேசிய வழிகாட்டுதல். குறையை எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? 'சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று சொல்லி அனுப்புகிறோம். நோயாளியின் இரத்தம் சிதைந்த பிறகு தெரியவருவதற்குப் பெயர் சோதனையா? 2030க்குள் மலேரியாவை ஒழிப்போம் என்று இலக்கு குறித்தவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து மேசைக்கு ஒரு சிறு கருவியைக் கொண்டு சேர்க்க இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்வதை எப்படிப் பொறுப்பது?

எங்கள் நிலைப்பாடு இது: கருவி முன்னே, மாத்திரை பின்னே. அதுவரை, அளவுச் சோதனை எட்டும் தூரத்தில் இருந்தால் பெண்களை முதலில் அனுப்புங்கள். அண்மையில் அணுச்சிதைவு நேர்ந்திருந்தால் ரெட்டிகுலோசைட்டுகள் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கொள்முதல் பட்டியலில் டாஃபெனோகுயின் ஏறும் நாளில், அதற்கு முந்தைய வரியில் அந்தக் கருவி இருக்க வேண்டும்.