விடியற்காலை நடுக்கமும் கள்ளச்சாராயமும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சு 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டிருந்தது. அச்செய்தி மாநிலம் முழுவதும் பரவியிருந்தும் மீண்டும் ஏன் வாங்கிக் குடித்தார்கள்? ‘திமிர்’ என்று சொல்லிவிடுவது எளிது. மருத்துவம் தரும் விடை வேறு.

குடிநோய் முற்றியவரின் மூளை, மது இருக்கும் நிலையையே இயல்பாகப் பழகிக்கொள்கிறது. கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். இரவு பத்து மணிக்குக் குடித்தவருக்கு இது விடியலில் வரும். வேலூர் லாங் பஜாரில் மூட்டை இறக்குபவருக்கும், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்ட் செல்பவருக்கும் அதுவே வேலைக்குப் புறப்படும் நேரம். டாஸ்மாக் கடை திறப்பதோ நண்பகல் 12 மணிக்கு. அதற்கு முன் குறைந்த விலையில் கிடைப்பது கள்ளச்சாராயமே. போதையைவிட, நடுக்கம் நின்றால் போதும் என்பதே அப்போது அவருடைய தேவை. தீங்கு தெரிந்தும் குடியைத் தொடர்வதை உலக சுகாதார அமைப்பு இந்நோயின் அடையாளங்களுள் ஒன்றாகவே வகைப்படுத்தியுள்ளது. அந்த நிலையில் இருசக்கர வாகனம் ஓட்டுவதும், இயந்திரத்தின் அருகே நிற்பதும் அதே அளவு ஆபத்தானவை.

எனவே உங்கள் வீட்டில் உள்ளவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்யாதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாதவற்றைக் காண்பது, நாள், இடம் தெரியாமல் பிதற்றுவது போன்றவை தோன்றலாம். இவை உயிரைப் பறிக்கக்கூடியவை. மருத்துவமனையில் நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகளும் தயமின் ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த முடியும்.

சாராயம் குடித்தவருக்குப் பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு இருந்தால், ‘தூங்கி எழுந்தால் தெளியும்’ என்று காத்திருக்க வேண்டாம். மெத்தனாலைச் சுவையாலோ மணத்தாலோ பிரித்தறிய இயலாது. அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வெளிப்படும். மாற்று மருந்தும் டயாலிசிஸ் சிகிச்சையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பார்வையைப் பறிக்கக்கூடும். உடனே 108-ஐ அழையுங்கள். குடித்தது என்ன, எப்போது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். உடன் குடித்தவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

குடிநோய் சிகிச்சைக்கு அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். நோயாளி வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் சென்று ஆலோசனை பெறலாம். தொலைபேசி வழி உதவிக்கு: டெலிமானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104.