பூச்சுக்கு ஏது வயது?

பெங்களூரு அறைகலன் கடைகளில் கிரேக்கத் தூண் வடிவ மேசைவிளக்குகள் வரிசையாக நிற்கின்றன. உரிந்ததுபோன்ற பொன்வண்ணம், களிம்பேறியதுபோன்ற பச்சை (நம் வீடுகளில் புளியிட்டுத் தேய்த்து அகற்றும் அதே களிம்பு). விரிசலும் தொழிற்சாலையிலேயே இடப்பட்டது. விலைச்சீட்டில் 'ஆண்டிக்'.

நியோகிளாசிக்கல் பாணியே கிரேக்கத்தின் நகல்தானே, இதில் போலி எது என்பது வழக்கமான மறுப்பு. ஏற்க இயலாது. வடிவத்தைப் பின்பற்றுவது வேறு. வயதைப் புனைவது வேறு. 1868இல் நிறைவுற்ற அட்டாரா கச்சேரி, அதாவது இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றம், அயோனியத் தூண்களைக் கடன்பெற்றது; ஆயினும் புதிய கட்டடமாகவே எழுந்தது. 1760களில் கொரிந்தியத் தூணை மெழுகுதிரித் தண்டாக வார்த்த இங்கிலாந்து வெள்ளிக்கொல்லர்களும் பளபளப்பைத்தான் விற்றார்கள், அழுக்கையன்று.

'ஆண்டிக் ஃபினிஷ்' என்னும் தொடரின் தலைச்சொல் 'ஃபினிஷ்'. தமிழில் 'பழமைப் பூச்சு' என்றாலும் பூச்சே தலை. அதுவரை தொடர் நேர்மையானது. கடையில் தலைச்சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் எஞ்சுகிறது. ஏமாற்று அங்கேதான் நிகழ்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருளுக்கு 100 ஆண்டு கேட்கிறது. இந்நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததே 1905இல். நூறாண்டு கடந்த மின்விளக்குகள் இத்தனை எங்கிருந்து வந்தன?

பழமை மீது இவ்வளவு காதல் கொண்ட நகரில்தான், 1980களில், அந்தக் கச்சேரியை இடிக்கும் திட்டத்தை வழக்காடித் தடுக்க வேண்டியிருந்தது.

அழகுக்காக வாங்குவோரை நான் குறைகூறவில்லை. விலைச்சீட்டில் செய்த ஆண்டை அச்சிடட்டும். பின்னர் எந்த நிறத்தையும் பூசிக்கொள்ளட்டும்.