நடை திறந்தது, பணி திறக்கவில்லை

கொல்லங்கோடும் குருவாயூரும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த காலம். குருவாயூரில் 1931-ஆம் ஆண்டு தொடங்கிய ஆலய நுழைவுப் போராட்டத்தில், பின்னாளில் பாலக்காட்டின் நாடாளுமன்ற உறுப்பினரான தோழர் ஏ.கே.கோபாலன் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கினார். கோயில் மணியை அடித்ததற்காகத் தோழர் பி.கிருஷ்ணபிள்ளை தாக்கப்பட்டார். ஆசாரம் மாறாது என்று ஆதிக்கச் சாதியினர் சாதித்தனர். 1947-இல் சட்டம் வந்தது, ஆசாரம் மாறியது.

ஆயினும் சாதி இன்று கோயிற்பணியில் ஒளிந்துகொண்டுள்ளது. 2025-இல் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலில், தேவஸ்வம் தேர்வு வாரியம் முறைப்படி தேர்ந்தெடுத்த ஈழவர் மாலை கட்டுவதைத் தந்திரிகள் எதிர்த்தனர். அவர் அலுவலகப் பணிக்கு மாற்றப்பட்டார்.

தடுத்தவரும் தடுக்கப்பட்டவரும் ஒரே சமயத்தவர். இதனைப் பக்தருக்கும் நாத்திகருக்கும் இடையிலான சண்டையாகத் திரிக்க நாம் இடந்தரலாகாது. சமயத்துக்குள்ளேயே உரிமை மறுக்கப்பட்டோரின் பக்கம் நிற்பது நம் கடமை.