பட்டாளத்துக் கணக்கும் லாரிக் கணக்கும்

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் போன மாதம் காலமானார். வயது 78. கண்ணீர் அஞ்சலி பேனரில் பட்டாளத்து உடுப்பில் எடுத்த பழைய படத்தைப் பெரிதாகப் போட்டு, 'முன்னாள் படைவீரர்' என்று அச்சடித்திருந்தார்கள். சரிதான். ஆனால் அவர் பட்டாளத்தில் இருந்தது 17 ஆண்டு. லாரி ஓட்டியது ஏறக்குறைய 30 ஆண்டு. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் வங்கியில் பென்ஷன் பிரிவில் வேலை பார்த்தவன். ஒவ்வொரு நவம்பரும் உயிர்வாழ் சான்று கொடுக்க அவர் வருவார். கூட்டம் குறைந்தபின் உட்கார்ந்து பேசுவார். அப்படித் தெரிந்துகொண்ட கதைதான் இது.

18 வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பெங்களூரில் ஏ.எஸ்.சி. பயிற்சி மையத்தில் வண்டி ஓட்டக் கற்றவர். ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரிதான் அவருக்கு வண்டி. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் பாதையில், சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கும் சோஜிலா கணவாயைத் தாண்டி அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டு போயிருக்கிறார். 1971 போரில் வெடிகுண்டு ஏற்றிய வண்டி ஓட்டினார். முன்னால் நிற்கிறவனுக்குச் சோறும் தோட்டாவும் போய்ச் சேராவிட்டால் போர் ஏது?

சிப்பாய்க்கு 15 ஆண்டு சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உண்டு. ஆனால் 35 வயதில் வெளியே வருகிறவருக்குப் பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகும். பென்ஷன் மட்டும் போதாது. கைவசம் இருந்த தொழில் ஸ்டியரிங். நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளியிடம் சேர்ந்தார். போகும்போது ஒரு லோடு, வரும்போது நாசிக் வெங்காயம். ஒரு நடை முடிந்து வீடு வந்தால் இரண்டு நாள் தங்கல், மறுபடி கிளம்பல்.

"ரெண்டும் ஒரே வேலைதான் சார். அங்கே 'நிறுத்து, தூங்கு'ன்னு சொல்ல ஆள் இருந்தாங்க. இங்கே 'எப்ப வந்து சேருவே'ன்னு கேக்க மட்டும்தான் ஆள்" என்றார் ஒருமுறை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் தெளிவாக இருந்தது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலையில் டீக்கடை வாசலில் முகம் கழுவுகிற டிரைவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்லது. எஞ்சின் சூட்டில் வெந்த தலைமுறைக்கு அது பிந்திவிட்டது.

பட்டாளம் அவரைக் கணக்கில் வைத்திருந்தது. அதனால் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். லாரி அவருக்கு மிச்சம் வைத்தது முதுகுவலிதான். பேட்டா அன்றன்றைக்கே செலவாகிவிட்டது. அவருக்காவது பட்டாளம் கைகொடுத்தது. அவரிடம் கிளீனராக இருந்து டிரைவரானவர்களுக்கு என்ன இருக்கிறது?

எல்லையில் நின்றவரையும் லாரிக்காரரையும் ஒன்றாக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். மரியாதை அணிவகுப்பை நான் கேட்கவில்லை. சட்டம் சொல்லும் ஓய்வும், வயதான காலத்தில் ஒரு பென்ஷனும் கேட்கிறேன். நம் அடுப்படிக்கு வெங்காயமும் கேஸும் வந்து சேர்வது அவர்கள் கண் விழிப்பதால்தான்.

தமிழ்நாட்டில் ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவருக்கு 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் கேட்க வழி உண்டு. பதிவு செய்யாதவரே நிறைய. உங்கள் தெருவில் ஒரு லாரி டிரைவர் இருந்தால், அடுத்த நடைக்குக் கிளம்பும் முன் விசாரியுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நமக்குத் தெரியும். ஓய்வு பெற்றவர்களிடம் நேரமும் இருக்கிறது.