அடிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க

"புழு விழுந்துடுச்சுங்க, என்ன அடிக்கிறது?" வீட்டுத்தோட்டம் போட்டவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். இந்தக் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது என்பேன். ரசாயனத்தை விட்டுவிட்டோம், 'அடிக்கிற' பழக்கத்தை விடவில்லை. விஷப்புட்டி இருந்த இடத்தில் இப்போது ஐந்திலைக் கரைசல் கேன் உட்கார்ந்திருக்கிறது. ரெண்டு தடவை அடித்தும் புழு சாகவில்லை என்றால், "இயற்கையெல்லாம் ஒத்துவராதுங்க" என்று மறுபடியும் மருந்துக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மருந்து அடித்தால் இத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்று புட்டியிலேயே போட்டிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற வெண்டையில் அதை யாரால் கடைப்பிடிக்க முடியும்? காலையில் பறித்த காய் மதியம் பிள்ளைகள் தட்டில் இருக்கிறது. அதற்கா வீட்டில் தோட்டம் போட்டோம்?

பத்து இருபது செடிக்கு முதல் மருந்து நம்ம கண்ணும் கையும்தான். புரொடீனியாவின் தாய் அந்துப்பூச்சி, இலையின் அடியில் நூற்றுக்கணக்கில் முட்டையைக் குவியலாக வைத்து, பழுப்பு ரோமத்தால் மூடிவிட்டுப் போகும். பொரித்த குஞ்சுப்புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து பச்சையைச் சுரண்டும். இலை சல்லடை மாதிரி வெளுத்துப்போகும். அந்த ஒரு இலையைக் கிள்ளி நசுக்கினால் வேலை முடிந்தது. விட்டுவிட்டால் புழு பெருத்து, தோட்டம் முழுக்கப் பரவி, பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு ராத்திரியில் தின்னும். அப்புறம் டார்ச் விளக்கோடுதான் தேடணும்.

கத்தரியில் கொழுந்து மட்டும் வாடித் தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று நினைக்காதீங்க. உள்ளே துளைப்பான் புழு இருக்கும். வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிடணும். ஓட்டை விழுந்த காயையும் செடியில் விட்டு வைக்கக்கூடாது. உள்ளே போன புழுவை எந்தக் கரைசலும் எட்டாது.

பார்க்கப் பழகினால், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரியும். புழுவின் மேல் சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அது புழுவின் முட்டையல்ல. புழுவுக்குள் வளர்ந்து வெளியே வந்த ஒட்டுண்ணிக் குளவியின் கூடு. அதை நசுக்கினால் நம் கூலியில்லா வேலையாளைக் கொன்றதாகும். குளவி கொட்டிக் கொட்டிப் புழுவையே குளவியாக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில், மண் கூடு கட்டும் குளவிகளில் சில, புழுவைக் கொட்டி மயக்கிக் கொண்டுபோய்த் தன் குஞ்சுக்குத் தீனியாக வைக்கின்றன. காரமான கரைசலை வாராவாரம் அடித்தால், பொறிவண்டின் குஞ்சு மாதிரி நன்மை செய்கிறவையும் அடிபடும். கரைசலுக்கு நல்லது கெட்டது தெரியாது.

கரைசலே வேண்டாம் என்று சொல்லவில்லை. கையால் பொறுக்கி மாளாத அளவுக்கு இளம்புழு இருந்தால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்க. பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்க. வெயிலில் அதன் வீரியம் போய்விடும். வேம்பு உடனே கொல்கிற விஷமல்ல. புழுவைத் தின்னவிடாமல், தோலுரிக்கவிடாமல் செய்யும். மறுநாள் காலையில் செத்த புழுவைத் தேடினால் ஏமாந்துதான் போவோம். நாலைந்து நாள் பொறுக்கணும். பெருத்த புழுவுக்கு இது அவ்வளவாகக் கேட்காது.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி நாலு புழு இருந்தால், அவை வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கப் போகிறவை. செடி பெரிதாக இருந்தால் தின்றுவிட்டுப் போகட்டும். ஓட்டை விழுந்த இலையெல்லாம் நஷ்டமில்லை. தினம் காலையில் பத்து நிமிஷம் இலையைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு, கேனைத் தூக்குகிற வேலை வருஷத்தில் சில நாள்தான் வரும்.